நாற்பத்தொன்றாம் எண் லாரியும் எங்கள் நினைவாற்றலும்

மனித குலத்தின் நினைவாற்றல் மொத்தமும் ஒருநாள் அழிந்துபோனால் யாரும் கவலைப்பட வேண்டாம். ஒரு பிரதி எங்களிடம் இருக்கிறது. டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில், ரப்பர் வாசனை ஏறிய பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறையில், செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை அது பொதுமக்களுக்காகத் திறந்து வைக்கப்படுகிறது. பொதுமக்கள் வெகுகாலம் வரவில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

'ஓய்வுபெற்ற கனரக வாகன ஓட்டுநர்கள் நினைவுப் பகிர்வு மன்றம்' என்பது எங்கள் பெயர். பெயர்ப்பலகை சுவரைவிட நீளமாகப் போய்விட்டதால் மூலையில் சாய்த்து வைத்திருக்கிறோம். நான் செயலாளர். இந்தப் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை அடக்கத்துடன் சொல்லிவிடுகிறேன். எங்கள் மன்றத்தில் ஒருவனுடைய தகுதி, அவன் எத்தனை வருடம் இரவு ஓட்டம் ஓட்டினான் என்பதை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. தலைவர் முப்பத்தொரு வருடம். மற்றவர்கள் யாரும் இருபதுக்குக் குறைவில்லை. நான் இரண்டு வருடம் நான்கு மாதம். அதற்குப் பிறகு பகல் ஓட்டத்துக்குக் கெஞ்சி மாற்றிக்கொண்டு போனவன். 'பாதியில் இறங்கினவன்' என்பது எனக்கு அவர்கள் சூட்டிய பட்டம். சொல்வதற்கு வீரக்கதை எதுவும் இல்லாதவன் என்பதால், மற்றவர்கள் சொல்வதை எழுதி வைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

எங்கள் மன்றத்தில் நினைவுகளைச் சும்மா விடுவதில்லை. முன்மொழிந்து, வழிமொழிந்து, வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மை கிடைத்த பிறகுதான் ஒரு விஷயம் 'நடந்தது' ஆகும்.

"துறைமுகத்துல ஏத்தின லோடை சுரங்கம் வரைக்கும் கண்ணை மூடாம முப்பத்தாறு மணி நேரம் ஓட்டிட்டுப் போனேன்," என்பார் தலைவர்.

"போன வாரம் முப்பத்திரண்டுன்னீங்க," என்பார் மைல்கல். உலகத்தில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சொல்லக்கூடியவர் என்பதால் அந்தப் பெயர்.

"போன வாரம் எனக்குச் சளி."

"சரி, முப்பத்தாறுன்னே வச்சுப்போம். ஆனா அது அறுநூத்து நாப்பது கிலோமீட்டர்தானே தலைவரே? முப்பத்தாறு மணி நேரத்துல போய்த் திரும்பி வந்து குளிச்சிருக்கலாமே?"

"நடுவுல டயர் வெடிச்சுது."

"எத்தனை டயர்?"

"எத்தனை வேணும்?"

நான்கு டயர்கள் வெடித்ததாக ஏகமனதாக நிறைவேறியது. நான் எழுதிக்கொண்டேன்.

இன்னொரு தூண் ரிவர்ஸ். எந்தக் கதையையும் முடிவிலிருந்து ஆரம்பிப்பவர். "கடைசில மாடு பிழைச்சுக்கிச்சு," என்று தொடங்குவார். "எந்த மாடு?" என்று கேட்டால், "அங்கதான் வந்துட்டிருக்கேன், பொறு," என்பார். பெரும்பாலும் வந்து சேர்வதற்குள் மணி பன்னிரண்டரை ஆகிவிடும்.

ஒருமுறை மனநலப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். பழைய நினைவுகளைக் கூட்டமாக உட்கார்ந்து பகிர்ந்துகொண்டால் ஆயுள் கூடும் என்று திரையில் படம் போட்டு விளக்கினார். நாங்கள் உடனே இரண்டு மணி நேரம் பகிர்ந்து காட்டினோம். அதன் பிறகு அவர் வரவில்லை. அவருடைய ஆயுளைப் பற்றி அவருக்குக் கவலை வந்திருக்கலாம்.

அறையின் சுவரில் ஒன்பது சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. 'விபத்தில்லாச் சேவை', கம்பெனி முத்திரையுடன். ஒன்பதாவது என்னுடையது. இந்தச் சான்றிதழ்கள் எப்படிச் சம்பாதிக்கப்பட்டன என்பதை வருங்காலத் தலைமுறை அறிய வேண்டும்.

லாரியை ஷெட்டிலிருந்து எடுப்பதற்கு முன் ஒவ்வொரு ஓட்டுநரும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். அதில் இருபத்திரண்டு கட்டங்கள். டயர், விளக்கு, கண்ணாடி, ஸ்டியரிங், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி போட்டு, கீழே கையெழுத்து. ஓட்டம் முடிந்து வந்ததும் அதை அலுவலகப் பெட்டியில் போட வேண்டும். இதில் தினமும் அரைமணி நேரம் வீணாவதைக் கண்டு மனம் நொந்த எங்கள் மூத்தவர்கள் ஒரு நிர்வாகச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். ஒன்றாம் தேதி காலை டீக்கடையில் உட்கார்ந்து மாதத்துக்கு உண்டான முப்பது தாளையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவது. பிப்ரவரியிலும் முப்பது தாள்தான். பிப்ரவரி முப்பதாம் தேதி எங்கள் ஷெட்டில் ஒரு லாரியிலும் ஒரு குறையும் இருந்ததில்லை என்பதற்கு எழுத்துபூர்வமான சான்று இருந்தது. அலுவலகம் அதை வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் வைத்தது. வருடக் கடைசியில் கோப்பைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தது.

இந்த முன்னேற்றத்துக்கு ஒரே ஒருவன் தடையாக இருந்தான். டாக்டர்.

அவன் எங்களைப் போல லாரி ஓட்டியவன்தான். முழநீள இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பான். ஒவ்வொரு டயராகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பான். குனிந்து அடியில் பார்ப்பான். பிரேக்கை மிதித்து, இறங்கி, மறுபடி ஏறி மிதிப்பான். அதன் பிறகுதான் தாளில் குறி போடுவான். சில நாள் குறி போடாமல், "இது இன்னிக்கு வராது," என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். "டாக்டர், பேஷண்ட் பிழைக்குமா?" என்று நாங்கள் கத்துவோம். ஷெட்டே சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த டயரைத் தட்டுவான். அவனுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அவன் தாள்களில்தான் குறைகள் இருந்தன. எங்கள் தாள்கள் சுத்தம்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் நாற்பத்தொன்றாம் எண் லாரி, ரயில்வே கேட்டில் நின்றிருந்த வாகன வரிசையை நோக்கி இறங்கும்போது நிற்கவில்லை. ஓட்டியவன் டாக்டர். வரிசையில் மோதாமல் பக்கத்திலிருந்த கட்டிமுடிக்காத சுவரில் கொண்டுபோய் விட்டான். வரிசையில் இருந்த யாருக்கும் கீறல் இல்லை. டாக்டருடைய வலது கால் போயிற்று. கம்பெனி விசாரணை வைத்தது. முந்தின நாள் தாளில் 'பிரேக்: சரி' என்று அழகாகக் குறி போட்டிருந்தது. எனவே விபத்துக்குக் காரணம் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதப்பட்டது.

எங்கள் மன்றத்தில் இது 'டாக்டர் தூங்கின கதை' என்று வழங்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வோம். அவன் தூங்கினான் என்று அறிக்கைகூடச் சொல்லவில்லை. வாக்கெடுப்பில் வந்தது. ரிவர்ஸ் சொன்னால்தான் அதற்கு ருசி.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கடைசில கண்ணைத் திறந்து பார்க்கிறான்," என்று ரிவர்ஸ் எழுந்து நின்று நடித்துக் காட்டினார், "சுவரு வந்து மடியில உட்கார்ந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தோம். தலைவருக்கு இருமலே வந்துவிட்டது.

"அப்பா தூங்கலை."

கதவருகே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையின் சீருடை, பையில் குத்திய பெயர் வில்லை. மன்றத்தின் வரலாற்றில் முதல் பொதுமக்கள். எந்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. ரிவர்ஸ் கையை விரித்த நிலையிலேயே உட்கார்ந்தார்.

"டாக்டரோட பொண்ணா?" என்றார் தலைவர். "வாம்மா, வா. உன்னைச் சின்னப் பிள்ளையா பார்த்தது. இப்பத்தான் அப்பாவைப் பத்தி ரொம்ப உயர்வா பேசிட்டிருந்தோம்."

"கேட்டுச்சு மாமா," என்றாள். நாற்காலியில் உட்காரவில்லை. "மதியச் சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கேன். சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன். விபத்து மறுஆய்வுப் பிரிவுன்னு புதுசா ஒண்ணு திறந்திருக்காங்க. மூடிப்போன கம்பெனிங்களோட பழைய அறிக்கை எல்லாம் அங்க வந்திருக்கு. தப்பா எழுதியிருந்தா திருத்திக் கொடுப்பாங்க. அப்பா அறிக்கையைத் திருத்தச் சொல்லி மனு போட்டிருக்கேன்."

"நஷ்டஈடா?" என்றார் மைல்கல்.

"அதெல்லாம் கிடையாது. கம்பெனியே இல்லையே, யாரு தருவாங்க? அந்த ஒரு வார்த்தை போகணும். கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்க இல்ல, அது. அப்பா அந்தக் காகிதத்தை அலமாரியில வச்சிருக்காரு. மாசத்துக்கு ஒருதடவை எடுத்துப் படிக்கிறாரு. அந்த வார்த்தைக்கு வந்ததும் அப்படியே நிக்கிறாரு. அப்புறம் ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் பேச்சு இல்லை. காலு போனதுக்குக்கூட அவரு இப்படி இருந்ததில்லைன்னு அம்மா சொல்றாங்க."

கீழே டயரில் காற்று ஏற்றும் சத்தம் கேட்டது.

"முந்தின ராத்திரி அந்த லாரியை ஓட்டினவங்க ஒருத்தர், பிரேக் அப்பவே சரியில்லைன்னு எழுதிக் கொடுத்தாப் போதுமாம். வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். பழைய தாளெல்லாம் கம்பெனி எடைக்குப் போட்டுடுச்சு. அப்பாகிட்ட யாருன்னு கேட்டா, 'அவனா வந்து சொன்னா சொல்லட்டும்'னுட்டு ஃபேனைக் கழட்ட உட்கார்ந்துடறாரு. பேரு சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்க சொல்லுங்க. நாப்பத்தொண்ணை முந்தின ராத்திரி ஓட்டினது யாரு?"

மனித குலத்தின் நினைவாற்றல் மொத்தமும் கூரையைப் பார்த்தது.

"அந்த ரயில்வே கேட்டு, ஷெட்டுலேர்ந்து சரியா பத்தொன்பது கிலோமீட்டர் எழுநூறு மீட்டர்," என்றார் மைல்கல்.

"ஓட்டினது யாரு மாமா?"

"எனக்குத் தூரம் மட்டும்தாம்மா தெரியும்."

"எனக்கு முடிவுலேர்ந்துதான் சொல்ல வரும்," என்றார் ரிவர்ஸ். "அந்தக் கதைக்கு முன்னாடி என்னன்னு நான் யோசிச்சதே இல்லை."

"எனக்கு அன்னிக்குச் சளி," என்றார் தலைவர்.

நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு செயலாளரின் கடமை அது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் 'வருகை தந்த பெண்மணி கேள்வி எழுப்பினார்' என்ற ஒரே வாக்கியத்தை நான் ஆறு முறை எழுதியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஒண்ணு பண்றோம்மா. அப்பாவுக்கு மன்றத்துச் சார்பா 'வாழ்நாள் சாதனையாளர்' விருது கொடுத்துடறோம். கேடயம்கூடத் தயாரா இருக்கு. போன வருஷம் வாங்க வேண்டியவரு வரலை."

"விருது வேணாம் மாமா. ஒரு கையெழுத்து போதும்."

அவள் தன் கைபேசி எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் வைத்தாள். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். "ஞாபகம் வந்தா கூப்பிடுங்க. உங்களுக்கெல்லாம் ஞாபகசக்தி ஜாஸ்தின்னு கீழே சொன்னாங்க."

அவள் படியிறங்கும் சத்தம் நின்றதும் தலைவர் எழுந்து கதவைச் சாத்தினார். சளி போன இடம் தெரியவில்லை.

"டேய், நீதானே?"

"ஆமா," என்றேன்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் நினைவாற்றலைப் பற்றி நான் ஆரம்பத்திலேயே சொல்லவில்லையா?

நாற்பத்தொன்றை முந்தின இரவு ஓட்டியவன் நான். மூன்று தடவை மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. விடியும் நேரத்தில் நான்கு. ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒன்றாம் தேதியே 'சரி' என்று குறி போட்டு வைத்திருந்த தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அன்று மாலை ஆறு மணிக்கு அதே லாரியை நானே மறுபடி எடுக்க வேண்டும். ஷெட்டுக்குப் போனதும் எனக்குக் கடுமையான வயிற்றுவலி ஏற்பட்டது. ஏற்பட்டது என்பதற்கு என் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. எனக்குப் பதிலாக டாக்டரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் நான் பகல் ஓட்டத்துக்கு மனு எழுதினேன். இரவுப் பணியைத் துறந்த என் வரலாறு இவ்வளவுதான்.

"நீ எழுதிக் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் தலைவர். "பிரேக் போயிருந்துதுன்னா தாளுல ஏன் சரின்னு போட்டேன்னு கேப்பான். ஒண்ணாம் தேதியே போட்டோம்பே. எல்லாருமான்னு கேப்பான். அப்புறம் இது?" சுவரைக் காட்டினார். ஒன்பது கண்ணாடிச் சட்டங்களிலும் அவருடைய விரல் தெரிந்தது.

"ஒரு வார்த்தை," என்றார் மைல்கல். "ஒரே ஒரு வார்த்தைக்காக ஒன்பது பேரு மானம் போகணுமா?"

"ஓட்டுக்கு விடுவோம்," என்றார் ரிவர்ஸ்.

நாற்பத்தொன்றாம் எண் லாரியை முந்தின இரவு யாரும் ஓட்டவில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். தீர்மானத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குப் போனேன்.

என் மனைவிக்கு மன்றத்தின் மேல் மதிப்பு கிடையாது. அந்தக் காலத்தில் இரவெல்லாம் லாரிச் சத்தம், இந்தக் காலத்தில் பகலெல்லாம் லாரிக் கதை என்பது அவளுடைய கருத்து. அன்று சாப்பிடும்போது நான் எதுவும் பேசாததால் சந்தேகப்பட்டாள்.

"என்ன, இன்னிக்கு டயர் வெடிக்கலையா?"

சொன்னேன். முழுவதும் அல்ல. வயிற்றுவலியை வயிற்றுவலியாகவே சொன்னேன்.

"அன்னிக்கு சாயங்காலம் ஷெட்டுலேர்ந்து வந்து ஒரு தட்டு சோறு சாப்பிட்டீங்க," என்றாள். "மறுசோறு கேட்டீங்க. வயித்து வலின்னு நான் இத்தனை வருஷமா நம்பிட்டிருக்கேன்னு நினைச்சீங்களா? டாக்டர் பொண்ணு சாப்பாட்டு நேரத்தை விட்டுட்டு மாடி ஏறி வந்திருக்கா. உட்கார்ந்து எழுதுங்க."

எழுதினேன். அலுவலக மொழியில் எனக்கு இருக்கும் தேர்ச்சி முழுவதையும் காட்டினேன். முதல் நகல் இப்படி இருந்தது: 'மேற்படி வாகனத்தின் பிரேக் சற்றே தளர்ந்திருந்ததாக அன்றைய சூழலில் உணரப்பட்டிருக்க வாய்ப்புண்டு.'

மனைவி வாங்கிப் படித்தாள். "யாரு உணர்ந்தா? பிரேக்கா?"

இரண்டாவது நகலில் பழைய சாலைகளின் நிலை பற்றி ஒரு பத்தி எழுதினேன். கிழித்தாள். மூன்றாவதில் கம்பெனி நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடினேன். "அவங்களா குறி போட்டாங்க?" என்று கேட்டாள். புதன்கிழமை மாலை நான்காவது நகல் முடிந்தது. நான்கே வரி. நாற்பத்தொன்றை முந்தின இரவு ஓட்டியது நான். பிரேக் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியும். பார்க்காமலேயே சரி என்று தாளில் குறி போட்டிருந்தேன். மற்ற எட்டுப் பேருடைய தாள்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எட்டுச் சட்டங்களையும் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு இருந்தது. நாலு வரி எழுத எனக்குப் பதினெட்டு வருடமும் ஒரு புதன்கிழமையும் ஆகியிருந்தன.

வியாழக்கிழமை காலை டாக்டர் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு. இத்தனை வருடங்களில் அந்தத் தெரு வழியாகப் போக எனக்கு ஒருமுறையும் வேலை வந்ததில்லை. வந்தபோதெல்லாம் சுற்றிக்கொண்டு போனேன்.

டாக்டர் வாசலறையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். அக்கம்பக்கத்து விசிறிகளைப் பழுதுபார்ப்பதுதான் இப்போது அவன் தொழில். ஊன்றுகோல்கள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. விசிறியின் தண்டைக் கையால் சுற்றிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வாப்பா, பாதியில் இறங்கினவனே," என்றான். நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்த மாதிரி. "உட்காரு. அந்த முக்காலி ஆடும், சுவரோரமா போட்டுக்கோ."

காகிதத்தைக் கொடுத்தேன். படித்தான். மகள் எட்டிப் பார்த்து, படித்துவிட்டு, என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒரு நகல் எடுத்துட்டு வந்துடறேன்பா, அசல் கையில இருக்கட்டும்," என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

நான் கண்ணியமான ஒரு சூழ்நிலையை எதிர்பார்த்தேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொள்வான். நான் 'பரவாயில்லை' என்பேன். அவன் விசிறியின் மூடியில் திருகைப் பொருத்திக்கொண்டே பேசினான்.

"நாலு வரியும் சரியா இருக்கு. ஒண்ணு விட்டுட்டியே."

"என்ன?"

"நான் கம்பியை எடுத்துக்கிட்டு முன்டயருகிட்ட குனிஞ்சேன். நீ சாவியோட வந்தே. என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்லை," என்றேன். எங்கள் மன்றத்தின் செயலாளர் இதைச் சொன்னார் என்பதைப் பதிவுசெய்கிறேன்.

"'நான் பார்த்துட்டேன் டாக்டர். எல்லாம் சரியா இருக்கு. நேரமாச்சு, கிளம்பு'ன்னே."

சொன்னேன். டாக்டர் பிரேக்கை மிதித்துப் பார்த்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். யார் முந்தின இரவு ஓட்டியது என்று மேலாளர் கேட்பார். என் தாளை எடுப்பார். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

"இருபது வருஷத்துல அன்னிக்கு ஒருநாள்தான் பார்க்காம ஏறினேன்," என்றான் டாக்டர். "வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே, நமக்காக அதையும் பார்த்துட்டு நிக்கிறானேன்னு நினைச்சேன். அதான் அந்த வார்த்தைக்கு வந்தா எனக்கு நின்னு போகுது. தப்புன்னும் சொல்ல முடியலை. உன்னை நம்பினேன் இல்ல? கவனக்குறைவுதானே?"

விசிறியைச் சுற்றிவிட்டான். அது சத்தமில்லாமல் சுற்றியது.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்லலை."

நான் என் தைரியம் முழுவதையும் திரட்டிக்கொண்டு கேட்டேன்: "அதையும் எழுதணுமா?"

அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் என்று எனக்குத் தோன்றியது. மைல்கல் இருந்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்.

"வேணாம். எனக்கு அந்த வார்த்தை போனாப் போதும். உன் வார்த்தையை நீயே வச்சுக்கோ."

எனக்கு டாக்டர் மேல் பெரும் மரியாதை ஏற்பட்டது. இவ்வளவு சுலபமாக விடக்கூடியவன் என்று தெரிந்திருந்தால் பதினைந்து வருடம் முன்னாலேயே வந்திருப்பேன்.

மூன்று வாரத்தில் திருத்திய அறிக்கை வந்தது. 'விபத்துக்குக் காரணம்: இயந்திரக் கோளாறு.' என் பெயர் எங்கும் இல்லை. குற்றவாளி நாற்பத்தொன்றாம் எண் லாரி. அது எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. சான்றிதழ்களைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டாக்டர் அன்று முழுவதும் பேசிக்கொண்டே இருந்தார் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். அழுதாள் என்று நினைக்கிறேன். "ரொம்ப நன்றி மாமா," என்றாள். 'பரவாயில்லை' என்று கடைசியில் சொல்லிவிட்டேன்.

மன்றம் விழித்துக்கொண்டது. நாற்பத்தொன்றை யாரும் ஓட்டவில்லை என்ற பழைய தீர்மானம் ரத்துசெய்யப்பட்டது. உண்மையை வெளிக்கொணர்ந்தது மன்றமே என்றும், அதற்கான 'உபகுழு'வைத் தலைவர் அன்றே அமைத்தார் என்றும் நிறைவேறியது. உபகுழு நான்தான். முதல்முறையாக எனக்கும் ஒரு கதை கிடைத்தது. எல்லோரும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்கள். அந்த அனுபவத்தை வார்த்தையில் சொல்ல முடியாது.

முதல் வாரம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கொஞ்சம் குறைத்துத்தான்.

"சப்புன்னு இருக்கே," என்றார் தலைவர். "பிரேக் சரியில்லைன்னு உனக்குத் தெரியும். மேலாளர்கிட்ட சொல்லியிருப்பியே?"

"சொல்லணும்னு நினைச்சேன்."

"நினைச்சா சொன்ன மாதிரிதான்," என்றார் மைல்கல். ஏகமனதாக, சொன்னேன்.

இரண்டாம் வாரம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்தேன். மூன்றாம் வாரம் மேலாளர் அதைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். நான்காம் வாரம் டாக்டர் சாவியை வாங்க வரும் கட்டத்துக்கு வந்தோம்.

"அவனைத் தடுத்திருப்பியே?" என்றார் தலைவர்.

"தடுத்திருப்பேன்தான்..."

"'இருப்பேன்' எதுக்கு? கதை அங்கதான் தளருது. தடுத்தே."

பெரும்பான்மையை மதிப்பது ஜனநாயகக் கடமை. தடுத்தேன். ஐந்தாம் வாரம் லாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது. வீட்டுக்குப் போகும் வழியில் அதை நினைத்து மறுபடி கலங்கினேன். மாலை வெயில், ஷெட்டின் தகரக் கூரை, டாக்டர் கையில் சாவி எல்லாம் துல்லியமாக நினைவில் இருந்தன. நடக்காத ஒன்று இவ்வளவு துல்லியமாக நினைவிருக்க முடியுமா?

ஆறாம் வாரம் பாராட்டு விழா. கேடயம் எனக்கு. அதை டாக்டர் கையால் கொடுக்க வேண்டும் என்பது தலைவரின் யோசனை. டயர் கடை ஆட்கள் இரண்டு பேர் அவனை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். மகள் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஒன்பது சான்றிதழ்களுக்குக் கீழே அவனை உட்கார வைத்தோம். அவன் ஒவ்வொன்றாகப் படித்தான்.

என்னைப் பேச அழைத்தார்கள். டாக்டர் இருக்கிறானே, குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் எல்லோரும் அந்தக் கட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். சொன்னேன். லாரிக்கு முன்னால் போய் நின்றேன். கைகளை விரித்தேன். "'எடுக்காதே டாக்டர்!'னு கத்தினேன்," என்றேன். "'பிரேக் இல்லை! எடுக்கிறதா இருந்தா என் மேல ஏத்திட்டுப் போ!'ன்னேன்." குரல் சரியான இடத்தில் உடைந்தது. ரிவர்ஸ் மூக்கை உறிஞ்சினார். மன்றம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. மகள்கூடத் தட்டினாள். அவளுக்குத் தெரியாதே.

உட்கார்ந்திருந்தது டாக்டர் ஒருவன்தான். கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தான். மடியில் இருந்த கேடயத்தைத் தூக்கி என்னிடம் நீட்டினான்.

"நல்லா இருந்துச்சுப்பா," என்றான். "நீ இதை அன்னிக்கே ஷெட்டுல சொல்லியிருந்தா, இப்ப நானும் எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன்."